பழைய எஃப்.சி. ஜீப்புக்கு டீசல் எஞ்சின்: வைக்கலாமா, வைத்தால் எது?

வேலூரைச் சுற்றி அணைக்கட்டு, ஒடுகத்தூர், பேரணாம்பட்டு பக்கத்துத் தோப்புகளில் எங்காவது ஒரு கொட்டகையில் பழைய மஹிந்திரா எஃப்.சி. 150 ஒன்று இன்னும் நிற்கும். எஃப்.சி. என்றால் ஃபார்வர்ட் கன்ட்ரோல், மூக்கு இல்லாத ஜீப். டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே ஒரு மூடிக்குள் எஞ்சின், பின்னால் சரக்குப் பெட்டி. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1956 கடைசியில் கொண்டுவந்த வண்டி இது. அங்கே 1960களின் நடுவிலேயே நின்றுவிட்டது. இங்கே மஹிந்திரா அதை எடுத்து அதற்கப்புறமும் பல வருஷம் செய்தது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 81 அங்குலம்தான். அதனால் தென்னை வரிசைக்கு நடுவில்கூட ஒரே ஒடிப்பில் திரும்பும். நாலு சக்கர இழுவை இருப்பதால் பாலாற்று மணலிலும், மழை விட்ட மறுநாள் களிமண் பாதையிலும் ஏறி வரும். இன்று ஷோரூமில் இருக்கும் சின்னச் சரக்கு வண்டிகளில் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யக்கூடியது எதுவும் என் கண்ணில் படவில்லை.

அதனால்தான் இந்த வண்டியை இரும்பு விலைக்குப் போட மனசு வருவதில்லை. சேஸிஸ் கெட்டியாக இருக்கிறது, அச்சையும் அதன் பல்சக்கரங்களையும் மூடியிருக்கும் ஹவுசிங் நன்றாக இருக்கிறது, எஞ்சின் மட்டும் புகை தள்ளுகிறது. உடனே வீட்டில் யாராவது ஒருவர், "டீசல் எஞ்சின் ஒன்று தூக்கி வைத்துவிட்டால் என்ன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எந்த எஞ்சின் என்பது கடைசியாக முடிவு செய்ய வேண்டிய விஷயம். வண்டி மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், எந்த ரோட்டில் ஓடும், ஆர்.சி. புத்தகம் மாற்றத்தை ஏற்குமா என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் எஞ்சின் பேச்சே. இந்த வரிசையை மாற்றி, முதலில் எஞ்சினை வாங்கிப் போட்டவர்களின் வண்டிகள்தான் பாதி வேலையில் பட்டறை வாசலில் நிற்கின்றன.

டீசல் மலிவு என்ற கணக்கு

நம் ஊரில் பெட்ரோல் ஜீப்பை டீசலாக மாற்றும் பழக்கம் வந்ததற்குக் காரணம் விலை. பெட்ரோலில் பாதி விலைக்கு டீசல் விற்ற காலம் உண்டு. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக்கட்டுப்பாடு போனது, 2014 அக்டோபரில் டீசலுக்கும் போனது. இப்போது தமிழ்நாட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் லிட்டருக்குப் பத்து ரூபாய்க்குள்தான். ஆகவே விலையில் கிடைக்கும் லாபம் சொற்பம். மிச்சம் இருப்பது மைலேஜ் மட்டும்.

அதையும் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். சரக்கோடு ஓடும் பெட்ரோல் எஃப்.சி. லிட்டருக்கு 7 கிலோமீட்டர், டீசல் வைத்தால் 11 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். மாதம் 300 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோலுக்கு சுமார் 4,300 ரூபாய், டீசலுக்கு சுமார் 2,500. மிச்சம் 1,800. மாற்றும் வேலை முழுசாக முடிய ஒன்றரை லட்சம் ஆகிறது என்றால் அது திரும்பி வர ஏழு வருஷம் ஆகும். அதே வண்டி மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 6,000 ரூபாய். இரண்டு வருஷத்தில் முதல் வந்துவிடும்.

இதில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். தோப்புக்கும் வீட்டுக்கும், வாரத்தில் ஒருநாள் நேதாஜி மார்க்கெட்டுக்கும் போய்வருகிற வண்டி 1,000 கிலோமீட்டரைத் தொடாது. தினமும் இலவம்பாடி கத்தரிக்காயோ தேங்காயோ ஏற்றி வேலூருக்கு ஓட வேண்டும் என்றால், அந்த வேலைக்கு ஒரு குட்டியானையை வாடகைக்குப் பேசுவதும் ஒரு வழிதான். நாற்பது, ஐம்பது வருஷ வண்டியைத் தினமும் பெங்களூர் ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுவதை டீசல் எஞ்சின் எளிதாக்கிவிடாது.

மைலேஜைத் தவிர டீசலுக்கு இரண்டு நல்ல காரணங்கள் உண்டு. ஒன்று, குறைந்த சுற்றிலேயே இழுக்கும் பலம். இன்னொன்று கவர்னர். டீசல் பம்பிலேயே கவர்னர் இருப்பதால், பாரம் கூடினாலும் குறைந்தாலும் சுற்று ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். பழைய ஜீப்புகளில் முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் பி.டி.ஓ., அதாவது எஞ்சின் சக்தியை வெளி மெஷினுக்கு எடுக்கும் தண்டு, பூட்டிக்கொள்ள இடம் இருக்கும். அதை வைத்துத் தண்ணீர் பம்போ, மல்லாட்டை பிரிக்கும் மெஷினோ ஓட்டப் போகிறவருக்கு இது பெரிய வசதி. பெட்ரோல் எஞ்சினில் அந்த வேலைக்கு ஒருவர் ஆக்சிலேட்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தனியாக ஒரு கவர்னர் தேடிப் பூட்ட வேண்டும்.

பெட்ரோலையே வைத்துக்கொள்வது

இந்த வழியை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. எனக்கு இதுதான் முதல் வழி.

எஃப்.சி. 150இல் இருப்பது சி.ஜே. 3பி ஜீப்பில் இருந்த அதே நாலு சிலிண்டர் ஹரிகேன் எஞ்சின். 2,199 சி.சி., நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 75 குதிரைத்திறன், 2,000 சுற்றில் சுமார் 154 நியூட்டன் மீட்டர் இழுவை. உள்ளே விடும் வால்வு ஹெட்டில் இருக்கும், புகைபோக்கி வால்வு பிளாக்கில் இருக்கும். சிலிண்டரின் அகலம் மூன்றே கால் அங்குலத்துக்கும் கீழே, ஸ்ட்ரோக் நாலே கால் அங்குலத்துக்கும் மேலே. அகலம் குறைவு, நீளம் அதிகம் என்பதால் பெட்ரோல் எஞ்சினாக இருந்தும் கீழ்ச் சுற்றிலேயே இழுக்கும். வண்டியின் கியர், ஹவுசிங் விகிதம், பிரேக் எல்லாமே இந்த எஞ்சினை மனதில் வைத்துச் செய்தவை. போரிங் போட்டு, பிஸ்டன் ரிங் மாற்றி, வால்வு உட்கார வைத்து, கார்புரேட்டரைச் சுத்தமாக மறுபடி கட்டினால் இன்னும் நிறைய வருஷம் ஓடும். வேலூரிலேயே செய்யக்கூடிய வேலை. நாடு முழுக்க இத்தனை ஜீப்புகள் ஓடியதால் பாகங்களும் வடக்கே இருக்கும் சின்னப் பட்டறைகளில் இருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இப்போதைய சிக்கல் வேறு. பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்கள் எல்லாம் அதற்காகச் செய்தவை இல்லை. ஊறிப் பெருத்தோ வெடித்தோ போகும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் டேங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கும். இதற்கு வழி கடினமானது இல்லை: எத்தனால் தாங்கும் ஹோஸும் டயாஃப்ரமும் போட்டு, கார்புரேட்டரில் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, நிறுத்தி வைக்கும் முன் டேங்கைக் காலி செய்துவிட வேண்டும். எஃப்.சி.யில் எஞ்சின் கேபினுக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் கசிந்தால் நம் காலடியில்தான் கசியும். ஹோஸ் மாற்றுவதை அதனால் தள்ளிப்போடக் கூடாது.

மஹிந்திரா டி.ஐ.

சரி, கணக்குப் போட்டுப் பார்த்தாகிவிட்டது, டீசல்தான் வேண்டும் என்பவருக்கு என் முதல் பரிந்துரை மஹிந்திராவின் 2,523 சி.சி. டி.ஐ. எஞ்சின், அதாவது டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன். பொலேரோவில் வந்ததுதான். 3,200 சுற்றில் 63 குதிரைத்திறன், 1,500 சுற்று வாக்கிலேயே 180 நியூட்டன் மீட்டர். குதிரைத்திறன் பெட்ரோலைவிடக் குறைவு, இழுவை ஆறில் ஒரு பங்கு அதிகம், அதுவும் சீக்கிரமே வந்துவிடும். சேற்றில் மெதுவாக ஊர்ந்து போகவும், ஒடுகத்தூரில் இருந்து பீஞ்சமந்தை மலைக்கு ஏறவும் வேண்டியது இதுதான். பொலேரோ போகாத கிராமம் இந்த மாவட்டத்தில் கிடையாது என்பதால் ஃபில்டரில் இருந்து நாசில் வரை எல்லாம் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும்கூடக் கிடைக்கும். மெக்கானிக்குக்குக் கை பழகிய எஞ்சின். என் பார்வையில் இந்தக் கடைசிக் காரணம் முன்னால் சொன்ன எண்கள் எல்லாவற்றையும்விட முக்கியம்.

இனிமேல்தான் கவனிக்க வேண்டிய இடம். பெட்ரோல் எஞ்சின் 4,000 சுற்று வரை போகும், இது 3,200இல் நின்றுவிடும். வில்லிஸ் வழி வந்த இந்த வண்டிகளில் ஹவுசிங் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஹவுசிங்குக்கு வரும் ஜாயின்ட் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது, பெரும்பாலும் 5.38. எஞ்சின் சக்தி நேராக வரும் டாப் கியரில், ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் உருளும் 6.00-16 டயரோடு கணக்குப் போட்டால், பெட்ரோல் எஞ்சினின் உச்ச வேகம் 98 கிலோமீட்டர், டி.ஐ. எஞ்சினின் உச்சம் 78. ஆனால் 60இல் போகும்போது எஞ்சின் 2,450 சுற்றில்தான் இருக்கும். பண்ணை வண்டிக்கு அது போதும். இதே விகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள், மாற்ற வேண்டாம் என்றே சொல்வேன். ஹவுசிங்குக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை 4.88 விகிதத்தில் போட்டால் வேகம் கொஞ்சம் கூடும். ஆனால் முன் பின் இரண்டு ஹவுசிங்கிலும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நாலு சக்கர இழுவையைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும்.

உங்கள் வண்டியில் இருப்பது 5.38தானா என்று பார்க்க ஹவுசிங்கைத் திறக்க வேண்டியதில்லை. கியரை நியூட்ரலில் போட்டு, நாலு சக்கர இழுவையை எடுத்துவிட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். ஜாயின்ட் ஷாஃப்டிலும் டயரிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றும்போது, கீழே படுத்திருப்பவர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். ஐந்தைத் தாண்டி இன்னும் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே வந்தால் 5.38. ஐந்துக்குச் சற்றுக் குறைவாகவே கோடு திரும்பி வந்துவிட்டால் 4.88. இன்னொரு சக்கரம் தரையில் நிற்பதால்தான் இரண்டு சுற்று. ஒரே சுற்றில் எண்ணினால் பாதிதான் கிடைக்கும்.

அடுத்தது கியர் பாக்ஸ். பழைய மூன்று கியர் டி-90 பெட்டியையே வைத்துக்கொண்டு, இரண்டையும் இணைக்கும் அடாப்டர் பிளேட் போட்டு எஞ்சினை மட்டும் மாட்டுவது ஒரு வழி. எஞ்சினோடு வந்த கியர் பாக்ஸையும் சேர்த்து வைப்பது இன்னொரு வழி. முதல் வழியில் செலவு குறைவுபோல் தெரியும். ஆனால் டீசலின் ஒவ்வொரு வெடிப்பும் பழைய பல்லில்தான் போய் விழும். அடாப்டர் பிளேட் துல்லியமாகவும் இருக்க வேண்டும். ஃப்ளைவீலில் டயல் கேஜை, அதாவது நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் அளவுக் கருவியைப் பூட்டி, எஞ்சினைக் கையால் சுற்றி, பெல் ஹவுசிங்கின் நடுத் துளையை அளந்து பார்க்கும்போது முள் மொத்தமாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மேல் ஆடக் கூடாது. அதற்கு மேல் ஆடினால் கிளட்ச் பிளேட்டும் பைலட் பேரிங்கும் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும், காரணம் யாருக்கும் புரியாது. டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் "கரெக்டா இருக்குண்ணே" என்று சொல்லும் லேத்துப் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது வழிதான் நல்லது. ஆனால் பொலேரோவின் இரு சக்கர இழுவை கியர் பாக்ஸை அப்படியே வைக்க முடியாது. ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் சக்தியை ஒரு பக்கமாக இறக்கித்தான் முன்னும் பின்னும் கொடுக்கும். அதனால் ஹவுசிங்கின் குண்டும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருக்கும். பொலேரோ பெட்டி நேர் நடுவில் இருந்து ஷாஃப்டை அனுப்பும். ஆகவே நாலு சக்கர இழுவை உள்ள பழைய மஹிந்திரா டீசல் ஜீப்பின் கியர் பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் சேர்த்தே தேட வேண்டும். அதிலும் ஒரு அளவு பார்க்க வேண்டும்: 81 அங்குல வண்டியில் பெட்டி நீளம் கூடினால் பின் ஷாஃப்ட் கட்டையாகிவிடும். கட்டையான ஷாஃப்ட் செங்குத்தாக இறங்கும், அதன் மூட்டில் இருக்கும் கிராஸ் அடிக்கடி போகும். எஞ்சினை வாங்குவதற்கு முன்னாலேயே ஃபேன் நுனியில் இருந்து டிரான்ஸ்ஃபர் கேஸ் வாய் வரை டேப் பிடித்து, இப்போது வண்டியில் இருக்கும் நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எஃப்.சி.க்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. எஞ்சின் நம் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டி.ஐ. எஞ்சின் சத்தம் போடும், உயரமும் கூடுதல். மூடியை உயர்த்திக் கட்டி உள்ளே தடிமனான சத்தம் தாங்கும் விரிப்பு ஒட்டாவிட்டால், சித்திரை வெயிலில் மத்தியானம் அந்தக் கேபினில் ஒரு மணி நேரம் உட்கார முடியாது. கீழே ஆயில் சேம்பர் முன் ஹவுசிங்கில் இடிக்கிறதா என்பதை ஸ்பிரிங் பட்டைகள் முழுசாக அமுங்கிய நிலையில் பார்க்க வேண்டும். வண்டி சும்மா நிற்கும்போது இரண்டு அங்குலம் இடைவெளி தெரிந்தால் போதாது.

சிம்சன்

அடுத்து எல்லோரும் சொல்வது டிராக்டர் எஞ்சின். சென்னை செம்பியத்தில் இருக்கும் சிம்சன், 1840இல் மதராஸில் கோச் வண்டி கட்டத் தொடங்கி, பிற்பாடு பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களை இங்கே செய்த கம்பெனி. அந்தக் காலத்து டாட்ஜ், ஃபார்கோ லாரிகளில் ஓடியதும் பெர்க்கின்ஸ் பி6தான். டாஃபே டிராக்டர்களில் இன்றும் சிம்சன் எஞ்சின்தான் இருக்கிறது. எனக்கு இந்த எஞ்சின்கள் மேல் மரியாதை அதிகம். ஆரணி, போளூர் பக்கம் எந்த ஊரிலும் இதைப் பிரித்துக் கட்டத் தெரிந்த ஒரு மேஸ்திரி இருப்பார்.

ஆனால் டிராக்டர் எஞ்சினின் கவர்னர் 2,200 சுற்று வாக்கில் கட்டுப்படுத்திவிடும். 5.38 ஹவுசிங்கோடு அது 54 கிலோமீட்டர் வேகம், அதுவும் எஞ்சின் உச்சத்தில் கத்திக்கொண்டு. டிராக்டரில் எஞ்சின் பிளாக்கும் சேம்பரும் வண்டியின் முதுகெலும்பாக இருப்பதால் கனமான வார்ப்பு. மூன்று சிலிண்டர் என்றால் சும்மா ஓடும்போது வண்டி முழுக்க உதறும். எஃப்.சி.க்கு ஏற்கெனவே முன்பக்கம்தான் கனம் அதிகம். காலி வண்டியில் பிரேக் பிடித்தால் பின்பக்கம் எழும்பப் பார்க்கும். அங்கே இன்னும் கனத்தைக் கூட்டுவது நல்லதில்லை. வண்டி தோட்டத்தை விட்டு வெளியே போகாது, பாதி நேரம் நின்ற இடத்தில் பி.டி.ஓ. ஓட்டப் போகிறது என்றால் சிம்சன் சரியான தேர்வு. மார்க்கெட்டுக்கும் போக வேண்டும் என்றால் வேண்டாம்.

மற்றவை

பியூஜோவின் 2,112 சி.சி. எஞ்சின், எம்.எம். 540 ஜீப்பில் வந்தது, உண்மையில் இந்தச் சேஸிஸுக்கு எல்லாவற்றையும்விட அழகாகப் பொருந்தும். சுற்று நன்றாக ஏறும் என்பதால் 5.38க்கும் ஒத்துப்போகும், சத்தமும் டி.ஐ.யைவிடக் குறைவு. நல்ல நிலையில் இருப்பது கிடைப்பதும் பாகம் கிடைப்பதும்தான் கஷ்டம். முழு ஜீப்பாகவே ஒன்று கைக்கு வந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். தனி எஞ்சினைத் தேடி அலைய வேண்டாம்.

டாடா 407, 207 வழி வரும் 2,956 சி.சி. எஞ்சின் இந்த வண்டிக்குப் பெரிது. அது ஃபார்கோ, பெட்ஃபோர்ட் போன்ற பழைய லாரி வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது. அம்பாசிடரில் வந்த 2 லிட்டர் இசுசு டீசல் காருக்கு நல்ல எஞ்சின். ஒரு டன் வாக்கில் பாரம் ஏற்றும் வண்டிக்குக் கீழ்ச் சுற்று இழுவை போதாது.

எஞ்சினுக்கு வெளியே ஆகும் செலவு

எனக்குத் தெரிந்த வயசான மேஸ்திரி ஒருவரிடம் இந்தப் பேச்சை எடுத்தபோது அவர் எஞ்சின் பேரையே கேட்கவில்லை. "எஞ்சின் வெச்சிடலாம் தம்பி, அது இன்னா பெரிய வேலை. நிறுத்துறதுக்கு இன்னா பண்ணப் போற?" என்றார்.

மலையிறக்கத்தில் டீசல் வண்டியைக் கியரே பிடித்து நிறுத்தும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். புகைக்குழாயை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இல்லாத சின்ன டீசலில் அது உண்மை இல்லை. பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்ததும் திராட்டில் மூடி, காற்றை உறிஞ்ச முடியாமல் எஞ்சின் திணறுவதால்தான் வண்டி பிடிபடுகிறது. டீசலில் காற்று வழியை மூட எதுவும் இல்லை. ஆகவே பீஞ்சமந்தையில் இருந்தோ, பேரணாம்பட்டு தாண்டி ஆந்திர எல்லை மலைப் பாதையிலோ பாரத்தோடு இறங்கும்போது, பழைய டிரம் பிரேக் முன்பைவிட அதிகமாக உழைக்கும். மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டர் வைப்பது அவசியம். பூஸ்டருக்கு வேண்டிய வேக்கம் (உறிஞ்சும் வெற்றிடம்) டீசலில் தானாக வராது என்பதால் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்கம் பம்பும் வேண்டும். லைனர், வீல் சிலிண்டர், ஸ்டீல் பைப் எல்லாம் புதிதாகவே போடுங்கள். மாற்றும் பணத்தில் பிரேக்குக்கு ஒதுக்க முடியாதவர் எஞ்சினையும் மாற்ற வேண்டாம்.

ரேடியேட்டரில் கோர் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். வேலூர் அக்னி நட்சத்திரத்தில் 42 டிகிரியில், மூடிய கேபினுக்குள் இருக்கும் எஞ்சினுக்கு ஃபேன் மூடியும் தேவை. பெட்ரோல் டேங்கை அப்படியே வைத்தால் பழைய துரு முழுக்க டீசல் பம்புக்குப் போகும். உள்ளே சுத்தம் செய்து, ரிட்டர்ன் பைப்புக்கு ஒரு வாய் வைத்து, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும் சேர்க்க வேண்டும். டீசலைச் சுழற்ற பெரிய பேட்டரியும் தடிமனான கேபிளும் வேண்டும். 6 வோல்ட் காலத்து வண்டி என்றால் ஒயரிங் முழுசாகப் புதிது. சாவியைத் திருப்பினால் டீசல் எஞ்சின் தானாக நிற்காது என்பதால் ஸ்டாப் கேபிளையோ சோலனாய்டையோ மறக்கக் கூடாது. ஒன்றரை லட்சம் எங்கே போகிறது என்பது இங்கேதான் தெரியும். எஞ்சின் விலை அதில் பாதிகூட வராது.

ஆர்.சி. புத்தகம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் பிரிவு 52, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக, ஆர்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போகாதபடி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ சேர்ந்தது: அனுமதி இல்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எரிபொருள் வகை, எஞ்சின் எண் இரண்டும் ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள். பெட்ரோலை டீசலாக்கினால் இரண்டும் மாறும். அதே வகை பெட்ரோல் எஞ்சினை வேறொன்றோடு மாற்றுவதும் பெட்ரோலை டீசல் ஆக்குவதும் ஆர்.டி.ஓ. பார்வையில் ஒன்றல்ல; இரண்டாவதற்கு அனுமதி வாங்குவது கடினம். வேலை முடித்துவிட்டுப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆர்.சி.யில் ஏறாத எஞ்சினோடு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் கைவிரித்துவிடலாம். அந்தச் சுமை குடும்பத்தின் மேல்தான் விழும்.

எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதையும் முதலில் பாருங்கள். 1989க்கு முன் பதிவான வண்டி என்றால் புத்தகத்தில் வட ஆர்க்காடு மாவட்டம் என்றே இருக்கும். 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களான பிறகு, உங்கள் ஊர் டி.என். 23 வேலூரில் வருகிறதா, டி.என். 73 ராணிப்பேட்டையில் வருகிறதா என்பது மாறியிருக்கலாம். 15 வருஷத்துக்கு மேற்பட்ட தனியார் வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அது விட்டுப்போயிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யாமல் மாற்றத்துக்கான மனுவையே வாங்க மாட்டார்கள்.

இன்னொரு இழப்பு பலருக்குத் தெரியாது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டி மூல வடிவத்திலேயே இருக்கும் வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், எண் பலகையில் வி.ஏ. எழுத்து வரும். அன்றாட வேலைக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது, கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு மட்டும். தனிப்பயன் வண்டிகளை மனதில் வைத்து வந்த விதி என்பதால், சரக்கு வண்டியாகப் பதிவானது இதில் வருமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எஞ்சினை மாற்றிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். டீசல் வைப்பவர்களும் ஹரிகேன் எஞ்சினை இரும்புக்குப் போடாமல், ஆயில் தடவி, ஸ்பார்க் பிளக் துளையை மூடி, தார்ப்பாய் சுற்றி வைத்திருங்கள்.

எஞ்சின் வாங்கப் போகும்போது

பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் எல்லாம் கிடைக்கும். ஆனால் எந்த வண்டியில் இருந்து கழற்றியது, அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தானதற்கான காகிதம், எஞ்சின் எண் எழுதிய பில் மூன்றும் இல்லாத எஞ்சினைத் தொடாதீர்கள். எண் ராவியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். முடிந்தால் வண்டியிலேயே இருக்கும் எஞ்சினைப் பாருங்கள், அதுவும் காலையில் ஆறிய நிலையில். நாம் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே காட்டுங்கள். மெல்லிய ஆவி வந்தால் பரவாயில்லை. கையைத் தள்ளுகிற மாதிரி புஸ்புஸ்ஸென்று அடித்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. விலையில் அந்த வேலையையும் கழித்துப் பேசுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட்டு கேஸ்கட்டோ ஹெட்டோ போயிருக்கிறது, அதை விட்டுவிடலாம்.

ஆர்.டி.ஓ. அனுமதி எழுத்தில் கைக்கு வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். அதுவரைக்கும் பெட்ரோல் எஞ்சினில் ஹோஸ் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி ஓட்டிக்கொண்டிருக்கலாம்.